ஸ்வீடன் கர்லிங்: நார்பெர்க், ஹாசல்போர்க், எடின் – யாருடைய ஆட்டத்தில் தொடங்கலாம்?

குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடக்கும்போது மட்டும் கர்லிங் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் நிறைய. இரண்டு வாரம் விடாமல் பார்ப்பார்கள், முடிந்ததும் மறந்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் ஆட்டம் ஒட்டிக்கொள்ளும். இன்னும் பார்க்க வேண்டும், யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆட்டங்களை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: நிக்லாஸ் எடின். ஆனால் எல்லாருக்கும் அவர்தான் சரியாக வருவார் என்று இல்லை, அதனால் மற்ற இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். 2024 வரை நடந்த ஆட்டங்களை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

கனடாவை விட்டுவிட்டு ஸ்வீடனுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். கனடாவில் நல்ல அணிகள் ஏராளம், உள்நாட்டுப் போட்டியில் அந்த ஆண்டு யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள்தான் உலகப் போட்டிக்குப் போவார்கள், அதனால் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்வீடனில் அப்படி இல்லை. ஒரு அணி நன்றாக ஆடுகிறது என்றால் ஆண்டுக்கணக்கில் அதே அணிதான் நாட்டுக்காக ஆடும். ஒருவரின் பயணத்தை முதலில் இருந்து பின்தொடர நினைப்பவருக்கு இது பெரிய வசதி.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒரு அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். கல் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கிரானைட். சுமார் 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில் அதைச் சறுக்கி விட்டு, மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் மையத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு அணியும் சேர்ந்து 16 கல் விட்டு முடித்தால் ஒரு எண்ட். ஒலிம்பிக்கில் பத்து எண்ட், சமநிலை என்றால் இன்னொன்று. ஒரு எண்டில் ஒரு அணிக்குத்தான் புள்ளி: எதிரணியின் நெருங்கிய கல்லைவிட மையத்துக்கு அருகில் நமக்கு எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை. அதனால் கடைசிக் கல்லை விடும் அணிக்கு எப்போதும் ஒரு சாதகம் உண்டு, அந்த உரிமையை ஹேமர் என்பார்கள். ஹேமர் இல்லாத அணி புள்ளி எடுத்துவிட்டால் அது ஸ்டீல். எந்தக் கல்லை எங்கே விடுவது என்று முடிவு செய்கிறவர் ஸ்கிப், பெரும்பாலும் அணியின் கடைசி இரண்டு கல்லும் அவருடையதுதான். நான் ஒப்பிடப்போகிற மூன்று பேருமே ஸ்கிப்தான்.

முதலில் அனெட் நார்பெர்க். 1966-ல் பிறந்தவர், காப்பீட்டுத் துறையில் கணித வல்லுநராக வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். 1988-லேயே ஐரோப்பிய சாம்பியன் ஆகிவிட்டார். அப்புறம் நீண்ட இடைவெளி. 2001 முதல் 2005 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியப் பட்டம், 2005-ல் உலகப் பட்டம், 2006 பிப்ரவரியில் டுரின் ஒலிம்பிக் தங்கம், அடுத்த மாதமே கனடாவில் இன்னொரு உலகப் பட்டம். அணியில் ஈவா லுண்ட், அன்னா ஸ்வார்ட், பிறகு அனெட்டின் சொந்தத் தங்கை கத்ரின் லிண்டால். டுரின் இறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கூடுதல் எண்ட்டில், கடைசிக் கல்லால் எதிரணியின் இரண்டு கல்லை ஒரே அடியில் வெளியேற்றி 7–6 என்று ஜெயித்தார்.

நாலு ஆண்டு கழித்து வான்கூவரில் அதே நாலு பேர், மறுபடியும் இறுதி. எதிரணி கனடா, ஸ்கிப் ஷெரில் பெர்னார்ட், அரங்கம் முழுக்க கனடா ரசிகர்கள். ஒன்பது எண்ட் முடிந்தபோது கனடா 6–4 முன்னிலை, ஹேமரும் அவர்கள் கையில்தான். கர்லிங்கில் ஒரு அணிக்கு இதைவிட வசதியான நிலை அமைவது கஷ்டம். நார்பெர்க்கும் மற்ற மூவரும் வட்டத்துக்குள் கற்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள், கனடா ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டே வந்தது, கடைசியில் பெர்னார்ட் ஒரே கல்லால் இரண்டை அகற்ற வேண்டியிருந்தது. அது தவறியது. ஸ்வீடனுக்கு இரண்டு புள்ளி ஸ்டீல், 6–6. கூடுதல் எண்ட்டிலும் ஹேமர் கனடாவிடம்தான், அதிலும் பெர்னார்டின் கடைசிக் கல் சரியாக அமையவில்லை. 7–6. ஒலிம்பிக் தங்கத்தைத் தக்கவைத்த முதல் ஸ்கிப் ஆனார் நார்பெர்க், அப்போது அவருக்கு 43 வயது. இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தால் போதும், ஸ்டீல் என்றால் என்ன, அழுத்தம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதெல்லாம் யாரும் பாடம் எடுக்காமலே புரிந்துவிடும். பெர்னார்டைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு கல்லும் சுலபமான கல் இல்லை, அவரை அந்த மாதிரிக் கல்லை விட வேண்டிய நிலைக்குத் தள்ளிக்கொண்டு போனது நார்பெர்க்கின் அணி. இதைச் சொல்லாமல் கனடா கோட்டைவிட்டது என்று மட்டும் சொன்னால் அது நியாயம் இல்லை.

அதன் பிறகு அந்த அணி கலைந்தது. 2011-ல் தன்னைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவர்களைச் சேர்த்துக்கொண்டு டென்மார்க்கின் எஸ்பியர் நகரில் இறுதியில் கனடாவைத் தோற்கடித்து மறுபடியும் உலக சாம்பியன் ஆனார். மக்கள் இதை அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டு தங்கத்துக்குச் சமமான சாதனை, ஏனென்றால் பல ஆண்டு பழகிய கைகள் எதுவும் அங்கே பக்கத்தில் இல்லை.

நார்பெர்க்கைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறை இருக்கிறது. அவர் 2013-ல் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய காலத்து ஆட்டங்களில் முழுசாகக் கிடைப்பவை குறைவு. இறுதிப் போட்டிகள் கிடைக்கும், அதற்கு நடுவே இருக்கும் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்டங்கள் கிடைக்காது. ஒருவரின் தோல்வி, சோர்வு, மாற்றம் எல்லாம் அந்தச் சாதாரண ஆட்டங்களில்தான் தெரியும்.

அடுத்து அன்னா ஹாசல்போர்க். 1989-ல் பிறந்தவர். சாரா மெக்மானஸ், ஆக்னஸ் க்னோகன்ஹவர், சோஃபியா மாபர்க்ஸ் ஆகியோருடன் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தங்கம். இறுதியில் எதிரணி கொரியா, அந்த ஒலிம்பிக் முழுவதும் உள்ளூர் மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கிம் உன்-ஜங் அணி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பதற்றமே இல்லாமல் 8–3 என்று முடித்துவிட்டார்கள். சுவாரசியம் குறைவு என்று சிலர் சொல்வார்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான ஒலிம்பிக் இறுதி இல்லை: ஹேமர் இருக்கும்போது இரண்டு புள்ளி எடுப்பது, இல்லாதபோது எதிரணியை ஒன்றோடு நிறுத்துவது, கொஞ்சம் முந்தியதும் கற்களைத் தட்டி வெளியேற்றி வட்டத்தைக் காலியாக்குவது என்று பாடநூலில் உள்ள எல்லாமும் அந்த ஒரே ஆட்டத்தில் இருக்கிறது. ஹாசல்போர்க் கல்லை விடும் விதமும் அப்படித்தான், உடம்பில் தேவையில்லாத அசைவு ஒன்றுகூட இருக்காது.

அவரைப் பின்தொடர்ந்தால் மனசு கனக்கும் இடங்களும் வரும். 2018 உலகப் போட்டி இறுதியில் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸிடம் கூடுதல் எண்ட்டில் 7–6 தோல்வி. 2019 உலகப் போட்டி இறுதியில் சுவிட்சர்லாந்தின் சில்வானா டிரின்சோனியிடம், அதுவும் கூடுதல் எண்ட், 8–7. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் அரையிறுதியில் பிரிட்டனின் ஈவ் மியூர்ஹெட்டிடம் 12–11, அதுவும் கூடுதல் எண்ட். மூன்று பெரிய ஆட்டம், மூன்றிலும் ஒரே ஒரு புள்ளி. பெய்ஜிங்கில் அந்தத் தோல்விக்கு அடுத்த நாளே சுவிட்சர்லாந்தை ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள், அந்த வெண்கல ஆட்டத்தை நான் தங்க ஆட்டத்தைவிட உயர்வாக மதிக்கிறேன். முந்தின நாள் இரவு அவர்கள் எவ்வளவு தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது எடின். 1985-ல் பிறந்தவர், வடக்கு ஸ்வீடனின் ஆர்ன்ஷல்ட்ஸ்விக் பகுதியைச் சேர்ந்தவர், ஆடுவது கார்ல்ஸ்டாட் கிளப்புக்காக. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை. 2013, 2015, 2018, 2019, 2021, 2022, 2024 என்று ஏழு உலகப் பட்டம், ஆண் ஸ்கிப் ஒருவர் இத்தனை வென்றது கிடையாது. 2018-ல் இருந்து 2022 வரை நடந்த எல்லா உலகப் போட்டியையும் வரிசையாக ஜெயித்தார், நடுவில் 2020 மட்டும் கோவிட் காரணமாக நடக்கவே இல்லை.

ஆனால் நான் அவரைச் சொல்வது பதக்க எண்ணிக்கைக்காக அல்ல, அவருடைய நாலு ஒலிம்பிக்கும் அமைந்த வரிசைக்காக. 2010 வான்கூவர்: 24 வயது, அரையிறுதியில் கனடாவிடம் தோல்வி, வெண்கல ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 5–4 தோல்வி, நாலாவது இடம். 2014 சோச்சி: அரையிறுதியில் பிரிட்டனின் டேவிட் மர்டாக் கடைசிக் கல்லில் இரண்டு புள்ளி எடுத்து 6–5 என்று வெளியே அனுப்பினார், சீனாவை ஜெயித்து வெண்கலம். 2018 பியோங்சாங்: வெள்ளி. 2022 பெய்ஜிங்: தங்கம். நாலாவது, மூன்றாவது, இரண்டாவது, முதல். பன்னிரண்டு ஆண்டு. இதற்கு நடுவே முதுகு, முழங்கால் என்று திரும்பத் திரும்பக் காயம், அறுவைச் சிகிச்சை. 20 கிலோ கல்லைப் பிடித்துக்கொண்டு உடம்பை நீட்டிப் பனியோடு பனியாகச் சறுக்கும் வேலையை அந்த உடம்பை வைத்துக்கொண்டு செய்தார்.

2018 இறுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிரணி அமெரிக்கா, ஸ்கிப் ஜான் ஷூஸ்டர். ஏழு எண்ட் முடிந்தபோது 5–5. எட்டாவது எண்ட்டில் ஹேமர் அமெரிக்காவிடம், வட்டத்துக்குள் அமெரிக்கக் கற்கள் சேர்ந்துவிட்டன, எடினின் கடைசிக் கல் அவற்றைக் கலைக்கவில்லை. ஷூஸ்டர் தன் கடைசிக் கல்லால் இரண்டு ஸ்வீடன் கல்லைத் தட்டி வெளியேற்றினார், மிச்சம் இருந்தது எல்லாம் அமெரிக்காவுடையது, ஐந்து புள்ளி. ஒலிம்பிக் இறுதியில் ஒரே எண்ட்டில் ஐந்து! அமெரிக்கக் கர்லிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கம் அங்கேயே முடிவாகிவிட்டது, 10–7 என்பதெல்லாம் சம்பிரதாயம். அந்தத் தொடரின் முதல் சுற்றில் ஸ்வீடன்தான் முதல் இடம், இறுதியிலும் அவர்களைத்தான் பலமான அணியாக எல்லாரும் நினைத்தார்கள்.

சரி, அப்படித் தோற்ற ஒரு அணி அடுத்து என்ன செய்யும்? ஆறு வாரத்தில் லாஸ் வேகாஸில் உலகப் போட்டி. அதே எடின், ஆஸ்கர் எரிக்சன், ராஸ்மஸ் வ்ரானோ, கிறிஸ்டோஃபர் சுண்ட்கிரன். இறுதியில் கனடாவின் பிராட் குஷூவைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார்கள். வரிசையாக நாலு பட்டம் என்று சொன்னேனே, அது இங்கேதான் தொடங்குகிறது. தோல்விக்குப் பிறகு அணியைக் கலைத்து ஆள் மாற்றுவது உலகம் முழுவதும் வழக்கம், இவர்கள் கலையவில்லை. நாலு ஆண்டு கழித்து அதே நாலு பேர் பெய்ஜிங்கில் அரையிறுதியில் குஷூவை 5–3, இறுதியில் பிரிட்டனின் புரூஸ் மோவாட்டைக் கூடுதல் எண்ட்டில் 5–4 என்று ஜெயித்து, ஸ்வீடன் ஆண்கள் கர்லிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார்கள். பெய்ஜிங் இறுதி கொஞ்சம் மந்தமான ஆட்டம்தான், இரண்டு பக்கமும் தப்பே செய்யாததால் புள்ளி குறைவு. ஆனால் பியோங்சாங்கைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் ஒவ்வொரு எண்ட்டிலும் அவர்கள் எதைத் தவிர்க்கிறார்கள் என்று தெரியும்.

ஆட்ட நுணுக்கம் பிடிக்கும் என்றால் எடினிடம் ஒன்றைக் கவனியுங்கள்: கல்லின் கைப்பிடி. சாதாரணமாக விடும் கல் மறுமுனை போய்ச் சேர்வதற்குள் கைப்பிடி இரண்டு முதல் நாலு சுற்றுதான் சுற்றும், அந்த மெதுவான சுழற்சியில்தான் கல் கடைசியில் வளைந்து போகும். வேகமாகச் சுழற்றி விட்டால் வளைவு குறையும், கல் ஏறக்குறைய நேராகப் போகும். நேர்க்கோட்டில் போனால்தான் வழி கிடைக்கும் என்கிற இடங்களில் எடின் அப்படிச் சுழற்றி விடுவார், கைப்பிடி பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு போகும். கட்டுப்படுத்துவது மிகக் கடினம், பல ஸ்கிப்கள் போட்டியில் தொடவே மாட்டார்கள். வ்ரானோவும் சுண்ட்கிரனும் துடைப்பத்தைத் தேய்த்துக் கல்லின் தூரத்தையும் வளைவையும் மாற்றுவதும் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது. அவர்களைப் போலத் தேய்க்கும் இருவர் என் கண்ணில் பட்டதில்லை.

இத்தனையும் செய்த எடின் நார்பெர்க் அளவுக்குச் சாதாரண மக்களிடம் போய்ச் சேரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இது பலருக்குப் புதிராக இருக்கும். நார்பெர்க்கின் அணி 2006-ல் தங்கம் வாங்கியதும் ஹேமர்ஃபால் என்ற ஸ்வீடன் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் வீடியோவில் வந்து நடித்தது. கர்லிங் பார்க்காதவர்களுக்கும் அவர்கள் முகம் தெரிந்தது. எடினுக்கு அந்த மாதிரி ஒரு தருணம் அமையவில்லை. ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அவருடைய ஏழு உலகப் பட்டங்கள் எங்கே கிடைத்தன? விக்டோரியா, ஹாலிஃபாக்ஸ், லாஸ் வேகாஸ், லெத்பிரிட்ஜ், கால்கரி, மறுபடி லாஸ் வேகாஸ். ஏழாவது மட்டும்தான் ஐரோப்பாவில், சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில். ஆறு பட்டம் வட அமெரிக்காவில், அங்கே மாலை ஆட்டம் என்றால் ஸ்வீடனில் நள்ளிரவு தாண்டிவிடும். கால்கரியில் கோவிட் காரணமாக அரங்கில் பார்வையாளர்களே இல்லை. ஐஸ் ஹாக்கியும் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கும் பயாத்லானும் பேசப்படும் ஊரில், நடுராத்திரி எங்கோ கனடாவில் ஒருவர் கல் விட்டு ஜெயித்தார் என்றால் காலையில் ஒரு வரிச் செய்தி. அவ்வளவுதான். ஒலிம்பிக் மட்டும்தான் எல்லாரையும் டிவி முன்னால் உட்கார வைக்கும், அந்த மேடையில் நார்பெர்க் இரண்டு முறை தங்கம் வாங்கினார், எடினுக்கு அது வந்து சேர 2022 ஆனது.

அதே காரணத்தால்தான் கனடாவில் எடினை நன்றாகத் தெரியும். ஏழு இறுதிகளில் ஐந்தில் தோற்ற அணி கனடா! விக்டோரியாவிலும் லெத்பிரிட்ஜிலும் அவர்கள் மண்ணிலேயே. கர்லிங் தெரிந்த கனடாக்காரர் ஒருவரிடம் எடின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு பெருமூச்சும் கூடவே மரியாதையும் வரும். ஆட்டம் தெரிந்தவர்களிடம் கிடைக்கும் அந்த மரியாதையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

இனி உங்களுக்கு எது சரி என்று பார்ப்போம். ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம், வீட்டில் கர்லிங்கே தெரியாதவர்களும் கூட உட்காரப் போகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், 2010 நார்பெர்க் – பெர்னார்ட் இறுதி. பத்தாவது எண்ட் வரும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும், எந்தக் கல்லை ஏன் அங்கே விட்டார்கள் என்று புரிய வேண்டும் என்றால் ஹாசல்போர்க்கின் 2018 இறுதி, கையோடு 2019 உலகப் போட்டி இறுதி. முதலாவதில் எல்லாம் திட்டப்படி நடக்கும், இரண்டாவதில் நடக்காது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஒருவருடைய வாழ்க்கையோடு சேர்ந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு எடின்தான். அவருடைய ஆட்டங்கள்தான் இணையத்தில் அதிகமும்கூட. உலகக் கர்லிங் கூட்டமைப்பின் யூடியூப் பக்கத்தில் தேடத் தொடங்கினால் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும்.

பெண்கள் அணியின் வரலாற்றை வேரில் இருந்து பார்க்க நினைப்பவர்கள் நார்பெர்க்குக்கும் முன்னால் எலிசபெத் குஸ்டாஃப்சனிடம் போகலாம். அவர் ஒரு மருத்துவர், 1992, 1995, 1998, 1999 என்று நாலு உலகப் பட்டம் வாங்கியவர், 1998 நாகானோ ஒலிம்பிக்கில் வெண்கலம். பார்ப்பதற்குக் காணொளிகள் குறைவு என்பதால்தான் அவரை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, திறமை குறைவு என்பதால் இல்லை.

எடினைத் தேர்ந்தெடுத்தால் வரிசையாக முதலில் இருந்து தொடங்க வேண்டாம். 2018 பியோங்சாங் இறுதியை முதலில் பாருங்கள், முழுசாகப் பார்க்க நேரம் இல்லை என்றால் ஏழாவது, எட்டாவது எண்ட் மட்டும் போதும். அதே கையோடு லாஸ் வேகாஸ் இறுதி. அப்புறம் 2014 சோச்சி அரையிறுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, 2022 பெய்ஜிங்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆஸ்கர் எரிக்சன் மேலும் ஒரு கண் இருக்கட்டும். அதே ஒலிம்பிக்கில் இரண்டு வாரத்துக்குள் ஆல்மிடா டி வால் உடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம், பிறகு எடினோடு தங்கம், இரண்டு ஆட்டத்திலும் எதிரில் நின்றவர் மோவாட். சோச்சியில் மாற்று வீரராக வாங்கிய வெண்கலத்தையும் பியோங்சாங் வெள்ளியையும் சேர்த்தால் நாலு ஒலிம்பிக் பதக்கம், கர்லிங்கில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஹாசல்போர்க்கோடு சேர்ந்து 2019-ல் கலப்பு இரட்டையர் உலகப் பட்டம் வாங்கியவரும் அவரே, எடினில் தொடங்கி ஹாசல்போர்க்குக்குப் போக நினைத்தால் அந்தத் தொடரின் இறுதியில் இருந்து போகலாம்.